சூடேறினால் குழாய் நீளும்

கோவையில் 90களில் ரேஸ் காருக்கு ஹெட்டர் (இன்ஜின் புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதி) செய்வதென்றால் முதல் வேலை மணல் வறுப்பதுதான். ஆற்று மணலைச் சலித்து, இரும்புச் சட்டியில் போட்டு, ஈரம் துளியும் இல்லாமல் வறுத்தெடுப்போம். ஒரு முனையில் மரக்கட்டை அடித்த எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) பைப்பை நிறுத்திவைத்து, மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி, சுற்றிலும் மரச் சுத்தியலால் தட்டி இறுக்குவோம். மணல் இனி இறங்காது என்றானதும் மறுமுனையிலும் கட்டை. பிறகு கேஸ் டார்ச்சால் வளைய வேண்டிய இடத்தைச் செக்கச்செவேலென்று காய்ச்சி, ஜிக்கில் மாட்டி இழுத்தால் பைப் நசுங்காமல் வளையும். மணலில் ஈரம் நின்றுவிட்டால் உள்ளே நீராவி கட்டிக்கொண்டு கட்டை பிய்த்துக்கொண்டு பறக்கும். மணல் வறுக்கிற ஆள் அவசரக்காரனாக இருக்கக் கூடாது என்பார் எங்கள் பட்டறை மாஸ்டர். அந்த வேலையை ரொம்ப நாள் நான்தான் செய்தேன்.

பட்டறை ஆவாரம்பாளையம் பக்கம். ஒரு புறம் பம்ப்செட்டுக்கு இம்பெல்லர் வார்க்கும் ஃபவுண்டரி, மறுபுறம் லேத் கடைகள். எது கேட்டாலும் நடந்துபோகும் தூரத்தில் செய்துகொடுக்க ஆள் இருந்தார்கள். இந்திய மோட்டார் பந்தயத்துக்கு இந்த ஊர் தாய்வீடாக ஆனதற்கு அதுவும் ஒரு காரணம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பந்தய வீரர் கரிவரதன் 1988இல் மாருதி இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி காரைக் கொண்டுவந்தது இங்கிருந்துதான். அவர் 1995இல் விமான விபத்தில் இறந்தபோது ஊரில் பாதிப் பட்டறைகள் வேலை ஓடாமல் நின்றன. ரேஸ்கள் அப்போது சோழவரத்து விமான ஓடுதளத்தை விட்டு இருங்காட்டுக்கோட்டைக்கு மாறியிருந்தன. எங்களிடம் வந்தவை பெரும்பாலும் 1300 சிசி எஸ்டீம்களும் ரேலிக்குப் போகிற ஜிப்ஸிகளும்.

காரோடு கம்பெனி கொடுக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் வார்ப்பிரும்பு. கனமானது, மலிவானது, சத்தத்தை அடக்கும், லேசில் உடையாது. ஆனால் நாலு சிலிண்டரின் புகையும் ஒரே குறுகிய அறையில் வந்து முட்டிக்கொள்ளும். ஹெட்டரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய். நான்கும் கூடுமானவரை ஒரே நீளம். ஒரு சிலிண்டரிலிருந்து பாய்ந்து போகிற புகை, பின்னால் ஓர் இழுப்பை விட்டுச் செல்லும். குழாய்களின் நீளமும் கூடுகிற இடமும் சரியாக அமைந்தால் அந்த இழுப்பு அடுத்த சிலிண்டரின் மிச்சப் புகையையும் உறிஞ்சிக்கொண்டு போகும். எஸ்டீமுக்கு ஒன்றும் நாலும் ஒரு ஜோடி, இரண்டும் மூன்றும் ஒரு ஜோடி. இரண்டு ஜோடியும் கீழே கலெக்டர் என்ற இடத்தில் ஒன்றாகும். குதிரைத்திறன் வருவது இந்த வடிவத்தில்தான். ஆனால் அந்த வடிவம் எத்தனை நாள் உடையாமல் நிற்கும் என்பதை உலோகமும் அதன் மேல் பூச்சும்தான் தீர்மானிக்கின்றன. நான் மாஸ்டரிடம் கற்றதில் பெரும்பகுதி இந்த இரண்டாவது விஷயம்தான்.

எம்.எஸ். பைப்பில் அவருக்கு இருந்த நம்பிக்கை எனக்கு முதலில் புரியவில்லை. 38 மி.மீ. குழாய், சுவர் 1.6 மி.மீ., தையல் போட்டு வெல்டு செய்த சாதாரண ரகம். அதையும் சும்மா வளைக்க மாட்டார். அந்தத் தையல் கோடு வளைவின் வெளிப்புறத்திலும் வரக்கூடாது, உட்புறத்திலும் வரக்கூடாது; இழுப்பும் நசுக்கலும் இல்லாத பக்கவாட்டில்தான் வர வேண்டும். சாக்பீஸால் கோடு போட்டுத் தருவார். ஃபிளேஞ்ச் 10 மி.மீ. தகடு. அதை ஒரு பழைய சிலிண்டர் ஹெட்டில் போல்ட் போட்டு இறுக்கிவைத்துத்தான் வெல்டிங். ஆறும்வரை கழற்றக் கூடாது. கழற்றியபின் மேற்பரப்பை மில்லிங்கில் ஒரு சீவல். கடைசியாக, போர்ட்டுக்கும் போர்ட்டுக்கும் நடுவில் ஃபிளேஞ்சை ரம்பத்தால் அறுத்துவிடுவார். இத்தனை பாடுபட்டு ஒன்றாகச் சேர்த்ததை ஏன் அறுக்கிறார் என்று பார்க்கிறவர்கள் பதறுவார்கள். "சூடானா அது அகலமாகோணும் தம்பி. விடலைன்னா ஸ்டட்டை முறிச்சுக்கிட்டு அகலமாகும்" என்பார்.

எம்.எஸ்.ஸின் சிக்கல் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: துரு. 550 டிகிரிக்கு மேல் போனால் வெறும் துரு மட்டுமல்ல, மேல்தோல் செதில் செதிலாக உரியும். அதைவிடக் கொடிய எதிரி தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. இன்ஜின் நன்றாகச் சூடேறி ஓடினால் அது ஆவியாக வெளியே போய்விடும். கடைவீதிவரை போய்த் திரும்புகிற காரில் அது குழாய்க்குள்ளேயே வடிந்து, புகையில் இருக்கும் அமிலத்தோடு தங்கிவிடும். மாதத்துக்கு இரண்டு ரேஸ் ஓடுகிற வண்டியின் எம்.எஸ். ஹெட்டர் பல வருஷம் நின்றதையும், மார்க்கெட்டுக்குப் போகிற வண்டியின் ஹெட்டர் மழைக்காலத்தோடு ஓட்டை விழுந்ததையும் பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் ஜி.ஐ. பைப்போடு வந்தார். வீட்டில் தண்ணீர் லைனுக்கு வாங்கியதில் மிச்சம். துருப்பிடிக்காதே, இதிலேயே செய்துகொடுங்கள் என்றார். அன்றைக்குத்தான் மாஸ்டர் குரல் உயர்ந்ததைக் கேட்டேன். ஜி.ஐ. பைப்பின் மேல் இருப்பது துத்தநாகம். அது 420 டிகிரியிலேயே உருகிவிடும். எக்ஸாஸ்டில் அதற்கு வேலையே இல்லை. அதைவிட மோசம், வெல்டிங் சூட்டில் அது வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதை மூச்சில் இழுத்தவனுக்குச் சாயங்காலம் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் அடிக்கும், உடம்பெல்லாம் வலிக்கும். எங்கள் பட்டறைகளில் வெல்டிங் பையன்கள் இதை மலேரியா என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டதும் உண்டு. வெல்லம் தின்றால் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை வேறு, ஆகாது. நல்ல காற்றும், அந்தப் பூச்சைத் தொடாமல் இருப்பதும்தான் மருந்து. எது மலிவாகக் கிடைக்கிறது என்பதை மட்டும் பார்த்து உலோகத்தைத் தேர்ந்தால் அதன் விலையை வேறொருவனின் நுரையீரல் கொடுக்கும்.

எஸ்.எஸ்.ஸுக்கு, அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு வருகிறேன். 2000க்குப் பிறகு காரைக் கொண்டுவருகிறவர்கள் எல்லோருக்கும் எஸ்.எஸ். ஹெட்டர்தான் வேண்டியிருந்தது. மணல் வறுக்கிற வேலையும் அத்தோடு குறைந்தது. பால் பண்ணைகளுக்குச் செய்கிற 304 ரகக் குழாய் வளைவுகள் ரெடிமேடாகக் கிடைத்தன. அவற்றை அறுத்து, ஒட்டி, ஆர்கான் வெல்டிங் வைத்தால் பார்க்க நகை செய்தது மாதிரி இருக்கும். ஆனால் எஸ்.எஸ். என்ற பெயரில் பழைய இரும்புக் கடையில் கிடைப்பதெல்லாம் 304 இல்லை. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைச் சேர்த்த 202 ரகம் நம் ஊரில் கொட்டிக் கிடக்கிறது. மேக்னட் ஒட்டவில்லை, ஆகவே நல்ல எஸ்.எஸ். என்று உக்கடத்துக் கடைகளில் அடித்துச் சொல்வார்கள். 202இலும் மேக்னட் ஒட்டாது. இந்த இரண்டையும் பிரிக்க ஒரு சொட்டு மருந்து உண்டு. தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் விட்டு, சின்ன பேட்டரியின் முனைகளைத் தொடவைத்தால் 202இல் சிவக்கும். அந்தக் குப்பி இல்லாமல் மாஸ்டர் பைப் வாங்கப் போனதில்லை.

மேக்னட் ஒட்டுகிற எஸ்.எஸ்.ஸும் இருக்கிறது என்றால் நிறையப் பேர் நம்புவதில்லை. 409 அப்படிப்பட்டது. குரோமியம் ஏறக்குறைய 11 சதவீதம், நிக்கல் கிட்டத்தட்ட இல்லை. கார் கம்பெனிகள் சைலன்சருக்குப் பெரும்பாலும் இந்தக் குடும்பத்தைத்தான் போடுகின்றன. வெளியே பழுப்பாகத் துருக்கறை படியும். அதைப் பார்த்து ஏமாந்துவிட்டோம் என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். அந்தக் கறை மேலோடு நிற்கும், ஓட்டை போடாது. முக்கியமான விஷயம், சூட்டில் அது 304 அளவுக்கு நீளாது.

நீளுவது பற்றி எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரியும். கண்ணால் பார்த்தது பட்டறையில். ஸ்டாண்டில் அசையாமல் பூட்டிய ஓர் எஸ்டீம் இன்ஜினில் புது எம்.எஸ். ஹெட்டரை மாட்டியிருந்தோம், கீழ்முனை எதிலும் கட்டாமல் தொங்கியது. மாஸ்டர் லேத் கடையிலிருந்து டயல் கேஜை வாங்கிவரச் சொன்னார். அதைத் தனி ஸ்டாண்டில் நிறுத்தி, நுனியைக் கலெக்டரின் அடி விளிம்பில் பதித்து, முள்ளைச் சைபரில் வைத்தார். இன்ஜினை ஓடவிட்டோம். முள் நடுங்கிக்கொண்டே நகர்ந்தது. நன்றாகச் சூடேறியதும் இன்ஜினை நிறுத்தச் சொன்னார். நடுக்கம் நின்று முள் தெளிந்தது. ஒரு சுற்றுக்கு ஒரு மி.மீ.; இரண்டரைச் சுற்றுக்கு மேல் போயிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முள் மெல்ல மெல்லத் திரும்பி வரத் தொடங்கியது. முதலில் வேகமாக, பிறகு நிமிஷக் கணக்கில் நின்று நின்று. டீ குடித்துவிட்டு வந்தபோதும் சைபருக்கு வந்து சேரவில்லை. லோடே இல்லாமல் நின்ற இடத்தில் ஓடிய இன்ஜின் அது. ரேஸில் முழு த்ராட்டிலில் புகையின் சூடு 800 டிகிரியைத் தாண்டும்.

கணக்குப் போட்டால் இப்படி வரும்: 400 மி.மீ. குழாய் 600 டிகிரி ஏறினால் எம்.எஸ். மூன்றரை மி.மீ.க்குள் நீளும், 304 நாலு மி.மீ.க்கு மேல் போய்விடும். வித்தியாசம் ஒரு மி.மீ.தானே என்று தோன்றலாம். ஆனால் நாலு குழாயும் ஒரே அளவுக்குச் சூடாவதில்லை. காற்றுப் படுகிற ஓரக் குழாய் ஒரு நீளம், நடுவில் இருப்பது ஒரு நீளம். மேலே எல்லாம் ஒரே ஃபிளேஞ்சில், கீழே எல்லாம் ஒரே கலெக்டரில் கட்டுண்டு கிடக்கின்றன. ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். அந்த இழுப்பு வந்து நிற்கிற இடம் வெல்டிங் ஓரம்.

இந்த இடத்தில்தான் 304க்கு இன்னொரு பலவீனம் சேர்கிறது. ஏறக்குறைய 450இலிருந்து 850 டிகிரிக்குள் நெடுநேரம் இருந்தால் அதிலுள்ள கார்பன் குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு, உலோகத் துகள்களின் எல்லையில் போய்ப் படிந்துவிடும். அந்த எல்லை நெடுக, துருவைத் தடுக்கிற குரோமியம் வற்றிப்போகும். கார்பன் குறைந்த 304எல் வாங்கினால் வெல்டிங் நேரத்தில் இதைத் தவிர்க்கலாம். ஆனால் ஹெட்டர் ஆயுள் முழுக்க வேலை செய்வதே அந்தச் சூட்டில்தான். அதற்காகவே 321 என்று ஒரு ரகம்: டைட்டானியம் கலந்தது. கார்பன் குரோமியத்தை நெருங்கும் முன்பே டைட்டானியம் அதைப் பிடித்துவிடும். விமான இன்ஜின்களின் எக்ஸாஸ்டுக்கு வந்த உலோகம். ஃபார்முலா ஒன்னில் இன்கோனல் என்ற நிக்கல் கலவையைக் காகிதம் போல் மெல்லிய சுவரோடு போடுகிறார்கள். இரண்டும் எங்கள் பட்டறைக்கு எட்டாத விலை. 321 துண்டுகள் எப்போதாவது வந்தால் டர்போ காருக்கென்று எடுத்துவைப்போம்.

வேறொரு ஊரில் செய்த 304 ஹெட்டர் ஒன்று, கண்ணாடி பாலிஷோடு, ஒரே ரேஸ் வாரத்தில் விரிசல் விட்டு எங்களிடம் வந்தது. ஓட்டுநருக்கு அழுகையே வந்துவிட்டது. சீசன் காசில் பெரும்பங்கு அதில் போயிருந்தது. மாஸ்டர் விரிசலைப் பார்க்கவே இல்லை. டார்ச் அடித்துக் குழாயின் உள்ளே பார்த்தார், என்னையும் பார்க்கச் சொன்னார். வெளியே தையல் போட்டது போல் அழகான வெல்டிங். உள்ளே அதே கோட்டின் பின்புறம் கன்னங்கரேலென்று பொரிந்து கிடந்தது. வெளிப்பக்கம் ஆர்கான் காற்றைத் தடுத்திருக்கிறது. உட்பக்கம் உருகிய எஸ்.எஸ். நேராகக் காற்றில் வெந்திருக்கிறது. குழாயின் இரு முனையையும் அலுமினிய டேப்பால் மூடி, ஓர் ஓட்டை வழியாக உள்ளேயும் ஆர்கானை விட்டு, பழைய காற்று முழுக்க வெளியேறும்வரை காத்திருந்து, அதன்பிறகுதான் ஆர்க் கொளுத்த வேண்டும். ஆர்கான் சிலிண்டர் விலைக்குப் பயந்து இதை விட்டுவிடுகிறார்கள். அந்த ஹெட்டரின் குறை அது மட்டும் இல்லை. கலெக்டரிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு தடித்த பிராக்கெட் போட்டு இறுக்கியிருந்தார்கள், ஆடாமல் இருக்கட்டும் என்று. நாலு மி.மீ. நீள வேண்டிய குழாய்க்குப் போக இடமே இல்லை.

"பைப்பு நல்லதுதானுங்க. அதை மூச்சுவிட உடலீங்க" என்று அந்தப் பையனிடம் சொன்னார். பிராக்கெட்டை அறுத்து எறிந்தோம். கலெக்டரை வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நழுவும் மாதிரி ஸ்லிப் ஜாயின்ட் ஆக்கி, ஸ்பிரிங் போட்டுப் பிடித்தோம். வெந்துபோன வெல்டிங்குகளை அறுத்து, உள்ளே ஆர்கான் விட்டு மறுபடி வைத்தோம். எம்.எஸ்.ஸுக்கு ஓடிய வயர் பிரஷ்ஷும் கிரைண்டிங் கல்லும் இதில் படக்கூடாது. இரும்புத் துகள் ஒட்டினால் அங்கிருந்து துருக் கிளம்பும். கடைசியில் தின்னர் தொட்டுக் குழாய் முழுக்கத் துடைத்துக் கொடுத்தோம். புது எஸ்.எஸ். மேல் பட்ட கைரேகை முதல் ஸ்டார்ட்டிலேயே வெந்து நிரந்தரமாகப் பதிந்துவிடும்.

குழாயின் நிறத்தைப் படிக்கவும் அவர்தான் பழக்கினார். எம்.எஸ். 300 டிகிரியிலேயே நீலம் பூக்கும். 304 நீலமாக 500ஐத் தாண்ட வேண்டும். நாலில் ஒரு குழாய் மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் குழாயைச் சந்தேகப்படாதே, அந்தச் சிலிண்டரைப் பார் என்பார். குரோம் பிளேட்டிங் போட்ட ஹெட்டர்களும் இப்படித்தான் நீலம் பாய்ந்து மங்கிவிடும். நான் அதை ஷோவுக்கு நிற்கிற காருக்குத் தவிர யாருக்கும் சொன்னதில்லை.

பூச்சில் எங்களுக்கு முதலில் கைகொடுத்தது 600 டிகிரி தாங்கும் அலுமினியப் பெயிண்ட். அதில் பாதிப் பேர் தோற்பது பெயிண்டால் அல்ல, அடியில் இருக்கும் பரப்பால். பக்கத்து ஃபவுண்டரியில் சொல்லி பிளாஸ்டிங் செய்து, உலோகம் சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று ஆனபின், அன்றைக்கே மெல்லிதாக அடிக்க வேண்டும். அடித்தபின் அது வேக வேண்டும். வேகாத பூச்சு பெட்ரோல் துணி பட்டாலே கையோடு வந்துவிடும். வண்டியிலேயே வேகவைப்போம். முதலில் பத்து நிமிஷம் ஓட்டம், முழுக்க ஆறவிடுதல், பிறகு இன்னும் கொஞ்ச நேரம், மறுபடி ஆறவிடுதல். எடுத்ததுமே ரேஸ் ட்ராக்கில் இறக்கினால் பூச்சு கொப்புளித்து உதிரும்.

செராமிக் கோட்டிங் வந்தபோது அது அழகுக்கான சமாச்சாரம் என்றுதான் பலர் நினைத்தார்கள். உள்ளேயும் வெளியேயும் பூசி அடுப்பில் வேகவைத்த ஹெட்டர், சூட்டைப் புகையோடு வெளியே அனுப்பிவிடுகிறது, பானெட்டுக்குள் இறக்குவதில்லை. இன்ஜின் உறிஞ்சும் காற்று பத்து டிகிரி கூடினால் அதன் அடர்த்தி ஏறக்குறைய மூன்று சதவீதம் குறையும், அந்த அளவுக்குச் சக்தியும் போகும். இருங்காட்டுக்கோட்டை வெயிலில் இது சின்ன விஷயமில்லை. எம்.எஸ். ஹெட்டருக்கு நல்ல செராமிக் கோட்டிங் போட்டால் அது மட்டமான எஸ்.எஸ். ஹெட்டரை எல்லா வகையிலும் தோற்கடிக்கும். இதை யாரிடமும் வாதாடுவேன்.

நாடா சுற்றுவதை மட்டும் என்னால் முழுமனதோடு ஏற்க முடியவில்லை. கண்ணாடி இழை நாடாவை நனைத்து இறுக்கமாகச் சுற்றினால் சூடு உள்ளேயே நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சூட்டைத் தாங்க வேண்டியது குழாய். ரேலிக்குப் போய்வந்த ஒரு ஜிப்ஸியின் ஹெட்டரில் நாடாவைப் பிரிக்கக் கத்தி வைத்தேன். மேலே நாடா சுத்தமாக இருந்தது. அடியில் குழாய் என்று ஒன்று மிஞ்சவில்லை. ஓடையில் இறங்கி ஏறிய ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, சூட்டில் செதில் உரிந்து, விரலால் அழுத்தினால் பொடிந்தது. எம்.எஸ். பைப்பும் நாடாவும் தண்ணீரில் இறங்குகிற வண்டியில் சேரக்கூடாது.

இப்போது வேலை மாறிவிட்டது. சாலையில் ஓடும் கார்களில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மேனிஃபோல்டோடு ஒட்டியே வருகிறது. அதைக் கழற்றச் சொல்லி வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். ஃபோர்டின் 1.0 ஈக்கோபூஸ்ட் போன்றவற்றில் மேனிஃபோல்ட் சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டு, கூலன்ட் சுற்றி ஓடுகிறது. ஹெட்டர் மாட்ட அங்கே இடமே கிடையாது. ஆனாலும் பழைய எஸ்டீம்களை வைத்திருப்பவர்கள் இன்னும் வருகிறார்கள்.

மாஸ்டர் கடைசியாகத் தன் கையால் செய்தது அப்படி ஒரு எஸ்டீமுக்குத்தான். வாளையார் வழியாகப் பாலக்காட்டுக்கு வாரம் தவறாமல் போய்வருகிற வண்டி. பருவமழை முழுக்க நனையும். உரிமையாளர் பளபளவென்று 304 வேண்டும் என்றார். மாஸ்டர் சைலன்சர் கம்பெனி மிச்சத்தில் வந்த 409 குழாயை எடுத்துவைத்து, "இது கருக்குமுங்க, ஆனா உடையாதுங்க" என்று சொல்லி, உள்ளே வெளியே செராமிக் கோட்டிங்கும் போடவைத்தார். கலெக்டரில் வழக்கம்போல் ஸ்லிப் ஜாயின்ட். இப்போது அந்த வண்டி சர்வீஸுக்கு என்னிடம்தான் வருகிறது. இதுவரை அதில் மாற்றியது இரண்டு ஸ்பிரிங் மட்டும். சாதாரணக் கம்பி, சூட்டில் இழுவை போய்விட்டது. அடுத்த ஜோடிக்கு இன்கோனல் கம்பி சொல்லியிருக்கிறேன்.